பின்சீட்டு புல்லில் கிடந்த வெள்ளிக்கிழமை

தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்த காரிலிருந்து எழுந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மழைநாளில் மூடிவைத்த அலமாரியின் புழுக்கமும், எப்போதோ சிந்திய பாலும், கற்பூரமும், கடற்கரை மணலும், வெயிலில் காய்ந்த ரப்பரும் சேர்ந்த வாசனை அது. பின்சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரம் தெரிந்தது. அதன் பள்ளங்களில் எங்கள் குடும்பத்தின் சில வருடங்கள் தங்கிக் கிடந்தன: கோயில் விபூதிப் பொட்டலம், நான் தொலைத்துவிட்டுத் திட்டு வாங்கிய நீல ரிப்பன், அம்மாவின் நர்ஸ் தொப்பிக்குக் குத்தும் ஊசி, எண்ண முடியாத அளவு வேர்க்கடலைத் தோல். அவற்றுக்கு நடுவில் எங்களுடையதல்லாத பொருள் ஒன்றும் இருந்தது, நடுவில் துளை போட்ட ஒரு ஜப்பான் காசு. எங்களுக்கு முன்னால் அந்தக் காரில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் எதையோ தவற விட்டிருக்கிறார்கள் என்று முதன்முதலாக அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழகிக் கழித்துவிட்ட பிறகு கப்பலேறி ஃபிஜித் தீவின் லவுத்தோகா துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக் கார் அது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜப்பானிய எழுத்துச் சீட்டை அப்பா கிழிக்க விடமாட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கிழிப்பது மரியாதை இல்லை என்பார். ஓடுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாத அந்தக் காரில் ரேடியோ மட்டும்தான் குறை. அது ஜப்பானுக்கென்றே செய்த ரேடியோ. எங்கள் ஊர் எஃப்.எம். நிலையங்கள் இருக்கும் இடம்வரை அதன் எண்கள் போகாது. 'மீடியம் வேவ்' பக்கம் திருப்பினால் இரைச்சலுக்கு நடுவே இந்தி நிலையம் ஒன்று வரும். செய்தி சொல்லும், ஊரில் செத்தவர்களின் பெயரையும் எடுக்கும் நேரத்தையும் வாசிக்கும், மீதி நேரமெல்லாம் இந்திப் பாட்டுப் போடும். தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் நாமேதான் பாடிக்கொள்ள வேண்டும். அப்பா பாடுவார். அதைக் கேட்டுத்தான் சித்தப்பா சிட்னியிலிருந்து பாட்டுப் பெட்டியை அனுப்பிவிட்டார் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் வீடு ட்ராசாவில் இருந்தது. லவுத்தோகாவை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் கரும்பு, கரும்புக்கு நடுவே தகரக் கூரை வீடுகள், வீட்டு வாசல்களில் அனுமாருக்காக மூங்கிலில் கட்டிய சிவப்புக் கொடிகள். கரும்புத் தோட்டக் கூலிக்கான 'கிர்மிட்' ஒப்பந்தத்தில் மதராசிலிருந்து கப்பலேறி வந்தவரின் பேரன் என் அப்பா. வீட்டில் பேச்சு முக்கால்வாசி ஃபிஜி இந்தியில்தான் நடக்கும். கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் அப்பா தமிழுக்கு மாறுவார். இப்போது நான் எழுதும் இந்தத் தமிழ், வெகுகாலம் கழித்து ஆக்லாந்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரிடம், சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து கற்றது. அப்போது எனக்குத் தெரிந்தது, 'சோறு துன்னு', 'கம்முனு இரு', 'இங்க வா கண்ணு' என்ற அளவுதான். ஆகவே சித்தப்பா அனுப்பிய பாட்டுகளின் பொருள் எனக்குப் புரியாது. அப்பாவுக்கும் முழுக்கப் புரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். புரியாவிட்டாலும் அது 'நம்ம பாட்டு'.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த முதல் கலகம் வந்தபோதே சிட்னிக்குப் போய்விட்டவர் சித்தப்பா. ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த ஒருவரின் கையில் அவர் கொடுத்தனுப்பியது செருப்புப் பெட்டி அளவில் கனமான ஒரு கறுப்புப் பெட்டி. 'சீடி சேஞ்சர்' என்று பெயர். அதற்குள் ஒரு சிறிய அடுக்கு. அடுக்கில் ஆறு தட்டுகள் வைக்கலாம். ஒன்று முடிந்தால் அதுவே அடுத்ததை எடுத்துக்கொள்ளும். பெட்டியைக் காரின் பின்னால் டிக்கியில் வைத்து, அங்கிருந்து தரைவிரிப்புக்கு அடியில் வயர் இழுத்து முன்னால் ரேடியோவில் இணைக்க வேண்டும். பெட்டி தனக்கென்று ஒரு குட்டி நிலையம் போல ஒலிபரப்பும், ரேடியோ அதைப் பிடித்துப் பாடும். ஜப்பான் எண்களுக்குள்ளேயே அந்தக் குட்டி நிலையம் அடங்கியதால் எங்கள் காருக்கு அது பொருந்தும் என்று சித்தப்பா கண்டுபிடித்திருந்தார்.

அந்தப் பெட்டி வந்த நேரத்தில் ட்ராசாவே காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் வான்கூவருக்குப் போய்விட்டார்கள். என் வகுப்பில் வாரம் ஒரு நாற்காலி வெறுமையாகும். கரும்பு நிலத்தின் குத்தகைக் காலம் முடியப்போகிறது, நிலத்துக்காரர்கள் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று எந்த வீட்டுக்கும் தெரியாது. என் அம்மா லவுத்தோகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நியூசிலாந்தில் நர்ஸுகள் தேவைப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் விசாரித்து வைத்திருந்தாள். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "இந்த வருசம் கன்னா வெட்டி முடியட்டும்" என்பார். 'கன்னா' என்றால் கரும்பு. வெட்டி முடிந்தால் அடுத்த நடவு வந்துவிடும்.

இந்த நிலைமையில் அவர் காரைப் பிரித்துப் பாட்டுப் பெட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊரே வித்துட்டுப் பூடுது. இவுரு காருக்குப் பாட்டு வெக்கிறாரு."

"வித்துட்டுப் போறவனுக்கு இன்னாத்துக்குப் பாட்டு? இருக்கறவன் காருக்குத்தான் பாட்டு வேணும்" என்றார் அப்பா.

அத்தோடு பேச்சு நின்றது. அவர் சொன்னது காரைப் பற்றியதல்ல என்று எனக்கே விளங்கியது. டாஷ்போர்டில் ஓட்டை போட்டு, டிக்கியில் ஆணி முடுக்கி, அந்தப் பெட்டியை ஒரு தரம் உள்ளே பொருத்திவிட்டால், நாங்கள் ட்ராசாவில்தான் இருக்கப்போகிறோம் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அம்மா அவரோடு பேசாமலே தன் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

பெட்டியைப் பொருத்த அப்பா கூப்பிட்டது செமியை. செமி எங்களுக்கு அடுத்த ஃபிஜியக் கிராமத்துக்காரர். நாங்கள் பயிரிட்ட நிலம் அவருடைய குலத்தாருக்குச் சொந்தம், நாங்கள் குத்தகைக்காரர்கள். ஆனால் அவரும் அப்பாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஃபுட்பால் டீம். லவுத்தோகாவில் ஒரு கார்ப் பட்டறையில் அவர் மின்சார வேலை பார்த்தார். அப்பாவை 'பாயா', அதாவது அண்ணா என்பார். இந்தியில் எங்களைவிடச் சரளமாகத் திட்டுவார். எனக்கு அவர் 'மோமோ', அதாவது ஃபிஜி மொழியில் தாய்மாமன். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. காலியாக இருந்த அந்த இடத்தில் அவர் சொல்லாமலே வந்து உட்கார்ந்துகொண்டார். குத்தகை விஷயத்தைத் தன் குலத்துப் பெரியவர்களிடம் பேசுவதாகவும் சொல்லியிருந்தார். அவர் எங்களோடு பேசியதெல்லாம் இந்திதான். நினைவில் எனக்கு அது தமிழாகவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு விடுப்புக் கிடைத்தது மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். இரண்டாயிரம் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டி, வெட்டுக்குத் தயாராக வெள்ளைப் பூ விட்டு நின்றது. நான் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதே செமி வந்துவிட்டார். அப்பா காருக்குப் பக்கத்தில் சட்டையில்லாமல் நின்று, கல்யாண வீட்டுக்காரர் மாதிரிக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் பாதிக் காலை போனதும் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகத் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போய் வந்தார்கள். போகும்போது இருந்த முகம் வரும்போது இல்லை. அந்த அறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் டீச்சர் கரும்பலகையில் பாதிக் கணக்கை எழுதி நிறுத்திவிட்டு, பைகளை எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்குப் போங்கள் என்றார். பெரிய பிள்ளைகள் அதற்குள் விஷயத்தை அறிந்துகொண்டிருந்தார்கள். தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு ஆட்கள் பார்லிமென்ட்டுக்குள் புகுந்துவிட்டார்கள், இந்தியர் ஆளக்கூடாதென்று இந்திய வம்சாவளிப் பிரதமரை உள்ளே பிடித்து வைத்திருக்கிறார்கள், இந்தியர் கடைகளை உடைக்கிறார்கள், எரிக்கிறார்கள். ஒரு கரும்பு லாரிக்காரர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்.

வீட்டு வாசலில் நான் கண்டது இன்றும் கண்முன் நிற்கிறது. காரின் நான்கு கதவுகளும் திறந்து, அது இறக்கை விரித்தது போல் நின்றது. பின்சீட்டு புல்லில் கிடந்தது. அதன் மேல் எங்கள் சிவப்புக் கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. தரைவிரிப்பு சுருட்டி வேலியில் போட்டிருந்தது. டாஷ்போர்டிலிருந்து ரேடியோ வெளியே தொங்கியது. கார் முழுவதும் தமிழ்ப் பாட்டு. ஒரு பெண் குரல், வயலின், தபலா, ட்ராசாவின் வெயில். அப்பாவும் செமியும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு எலுமிச்சைத் தண்ணீரோடு, அந்த இரும்புக்கூடு பாடுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காலையிலேயே ரேடியோவின் ஏரியல் வயரைப் பிடுங்கியிருந்தார்கள்.

"இன்னா கண்ணு, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார் அப்பா.

"ஸ்கூல் உட்டுட்டாங்க. சுவால பார்லிமென்ட்ட புடிச்சுட்டாங்களாம். துப்பாக்கி வெச்சு."

இந்தியும் தமிழும் கலந்து நான் அதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் பெரியவர்களுக்கு நான் சொன்ன முதல் பெரிய செய்தி அதுதான். அப்பா சிரிப்பை விடாமலே செமியைப் பார்த்தார். செமி சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக் கருவிப் பெட்டிக்குள் வைத்தார்.

"யார்?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் பட்டது.

அம்மா காலை ஷிப்டில் இருந்தாள். அப்பா வீட்டுக்குள் ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். லைன் கிடைக்கவில்லை, திரும்பத் திரும்ப அதே 'பீப்' சத்தம். பஸ் ஓடவில்லை என்று லாரிக்காரர் சொல்லியிருந்தார். பின்சீட்டைத் தூக்கி மாட்ட நேரமில்லை, வயர்களெல்லாம் வெளியே கிடந்தன. ஏரியல் வயரையாவது மாட்டினால் செய்தி கேட்கலாமென்று அப்பா ரேடியோவை இழுத்தார். அதுவும் முடியவில்லை. ஏரியலின் முனை ஜப்பான் அளவு, பெட்டியோடு வந்த துளை வேறு அளவு. இடையில் மாட்ட ஒரு சின்னத் துண்டு வேண்டும், அதை மறுநாள் டவுனில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பெட்டியை இயக்கும் சுவிட்சையும் இன்னும் இணைக்கவில்லை; சாவியைத் திருப்பினால் பாட்டுத் தானே தொடங்கிவிடும். நாடே என்ன ஆனதென்று தெரிந்துகொள்ள வேண்டிய அந்த நேரத்தில் எங்கள் காருக்குப் பாட மட்டுமே தெரிந்தது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் சீட்டுக்குப் போனபோது செமி அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"பாயா, இன்னிக்கு நான் ஓட்டறேன்."

அப்பா அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். என்னைத் தனியாக விட முடியாதென்று பின்னால் ஏற்றினார்கள். வெறும் தகரத்தின் மேல் ஒரு கனத்த ரஜாய்ப் போர்வையை மடித்துப் போட்டு, முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரும்புக்கு நடுவே அந்த மண் ரோட்டில் கல் ஒவ்வொன்றும் என் எலும்பில் பட்டது. அப்பா ரேடியோவின் எண்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் மௌனம், ஒரே இடத்தில் பாட்டு. கடைசியில் அவர் சத்தத்தை முழுக்கக் குறைக்கப் போனபோது செமி அவர் கையைத் தடுத்தார்.

"ஓடட்டும் பாயா. பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற காரை யாரும் பயந்து ஓடுகிற கார் என்று நினைக்கமாட்டார்கள்."

லவுத்தோகாவில் கடைகள் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்தன. அன்று எங்கள் ஊரில் எதுவும் எரியவில்லை; ஆனால் எல்லோரும் எரிவதை எதிர்பார்த்து நடப்பது போல வேகமாக நடந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக நின்றிருந்தாள். தூரத்திலிருந்தே பாட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கார் வந்து நின்றதும் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சீட்டு எங்க?"

"புல்லு மேல" என்றேன்.

பல நாளாக அப்பாவோடு பேசாதிருந்தவள் அங்கேயே பேச ஆரம்பித்தாள். ஊரு பத்தி எரியுது, உங்களுக்குப் பாட்டு கேக்குது, சீட்டில்லாத காரைக் கொண்டாந்து நிறுத்தறீங்க என்று அடுக்கிக்கொண்டே போனாள். சொல்லிக்கொண்டே ஏறி என் பக்கத்தில் ரஜாய் மேல் உட்கார்ந்து என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டெட்டால் வாசனை வந்தது. முன்னால் செமி காரைத் திருப்பினார்.

பெரிய ரோட்டிலிருந்து எங்கள் மண் ரோடு பிரியும் இடத்தில் சில ஃபிஜிய வாலிபர்கள் நின்றிருந்தார்கள். ரோட்டின் குறுக்கே ஒரு மரக்கிளையைப் போட்டிருந்தார்கள். செமிக்குத் தெரிந்த முகங்கள் அல்ல, வேறு ஊர்ப் பிள்ளைகள். சிலர் கையில் கம்பு இருந்தது. ஒருவன் பள்ளிச் சீருடைச் சட்டையையே போட்டிருந்தான், என்னைவிடச் சில வயதுதான் கூட இருப்பான். செமி காரை நிறுத்தி, ஒரு முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு 'பூலா' என்று வணக்கம் சொன்னார். ஒருவன் குனிந்து உள்ளே பார்த்தான். தொங்கும் ரேடியோ, வயர்கள், தரையில் ஒரு நர்ஸும் ஒரு சிறுமியும், முன்னால் என் அப்பா. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவன் எதையோ கேட்டான்.

செமி சொன்னது எனக்குக் கேட்டது. "நொங்கு மோட்டோகா."

பள்ளியில் கற்றிருந்த கொஞ்சம் ஃபிஜி மொழி எனக்கு அதற்குப் போதும். 'என் கார்' என்று சொல்கிறார். அந்தப் பையன் அப்பாவைக் கம்பால் சுட்டி இன்னொன்று கேட்டான். செமி அதற்கும் சாதாரணமாக ஏதோ சொன்னார், வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். கிளையை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். கார் நகர்ந்தது. என் அப்பா முன்னால் நேராகப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, அடுத்தவர் காரில் இடம் கேட்டு ஏறியவர் எப்படி உட்கார்வாரோ அப்படி உட்கார்ந்திருந்தார்.

வீடு வந்ததும் செமி சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு, கரும்புக்கு நடுவே நடந்து தன் கிராமத்துக்குப் போனார். அப்பா வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தார். அம்மா அவரிடம் கேட்டாள்.

"அந்தப் பையன் இன்னா கேட்டான்?"

"காரு யாருதுன்னு கேட்டான். தன்னுதுன்னான் செமி. இவன் யாருன்னு கேட்டான். நான் அவங்கிட்ட வேல செய்யற ஆளாம்." அப்பா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நல்லதுக்குத்தான் சொன்னான். வேற இன்னா சொல்லுவான்?"

அம்மா அந்த டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "அந்த நியூசிலாண்டு விசயத்த பாரு" என்றார்.

அத்தனை மாதம் அதற்காகவே காத்திருந்தவள் என் அம்மா. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எதுக்கு அவசரம், கொஞ்சம் அடங்கட்டும், பாப்போம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. போக வேண்டும் என்றுதான் அவள் விரும்பினாள். அவரை இப்படி ஒடித்துக் கூட்டிக்கொண்டு போக விரும்பவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் செமி வந்தார். எங்கிருந்தோ அந்தச் சின்னத் துண்டைக் கொண்டுவந்து ஏரியலை மாட்டினார், சுவிட்சை டாஷ்போர்டில் பொருத்தினார், தரைவிரிப்பை விரித்துப் பின்சீட்டை உள்ளே வைத்து முடுக்கினார். கடைசியில் செமி கையைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"பாயா, அன்னிக்கு நான் சொன்னது..."

"தெரியும் செமி. உட்டுடு. சோறு துன்னுட்டுப் போ."

செமி உட்கார்ந்து சாப்பிட்டார். மீன் குழம்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

அதன் பிறகு அம்மாவின் நியூசிலாந்து வேலைக் காகிதங்கள் வந்து சேரும்வரை இருந்த மாதங்கள்தான் என் இளமையின் மிக இனிமையான மாதங்கள் என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். நாட்டில் ராணுவம் ரோட்டில் நின்றது. எங்கள் கரும்பு அந்த வருடம் தாமதமாக வெட்டப்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போவார். போகப்போகிறோம் என்று தெரிந்த பிறகு ஊரையெல்லாம் ஒரு தரம் பார்த்து வைக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஒருநாள் சிகடோகாவரை போய், ஆற்றோரத்துத் தோட்டங்களில் கத்தரிக்காயும் தர்ப்பூசணியும் வாங்கி வந்தோம். டூரிஸ்டுகள் யாரும் வராமல் வெறிச்சோடிய ஹோட்டல்களின் வாசலில் காவல்காரர்கள் எங்கள் காரைப் பார்த்துக் கையாட்டினார்கள். எந்தத் தட்டு முதலில் ஓடவேண்டும் என்பதில் காருக்குள் பெரிய சண்டை நடக்கும். அம்மாவுக்குப் பக்திப் பாட்டு, எனக்கு வேகமான பாட்டு, அப்பாவுக்குத் தாலாட்டு மாதிரி இழுக்கும் பழைய பாட்டு. பள்ளத்தில் ஏறி இறங்கினால் பாட்டு ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பாடும், அப்பா ஸ்டீயரிங்கைத் தட்டுவார், எதனாலோ சரியாகிவிடும். பொருள் தெரியாத வரிகளை நாங்கள் மூவரும் தப்புத் தப்பாகச் சேர்ந்து பாடினோம். பின்னாளில் ஆக்லாந்தில் நான் தமிழ் கற்க உட்கார்ந்த முதல் நாள், ஆசிரியை சொன்ன ஒரு சாதாரணச் சொல்லைக் கேட்டு, அது அந்தப் பாட்டில் வருமே என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். சுற்றியிருந்த பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

புறப்படும் வாரத்தில் அப்பா செமியைக் கூப்பிட்டு, காரை நீ எடுத்துக்கொள் என்றார். சும்மாவே கொடுத்தார். செமி காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். டிக்கியைத் திறந்து தான் பொருத்திய பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், மூடினார்.

"ஹம்மே நை மாங்தா" என்றார். எனக்கு வேண்டாம்.

அப்பா வற்புறுத்தினார். பட்டறைக்குப் போய்வர உதவும், பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். செமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு ரோட்டில் நான் சொன்னது பொய். இப்போது இதை வாங்கிக்கொண்டால் அது நிஜமாகிவிடும் பாயா. இந்தக் காரை நான் ஓட்டினால், பார்க்கிறவன் எல்லாம் அன்னிக்குச் சொன்னது சரிதான் என்று நினைப்பான். நானும் ஒருநாள் அப்படியே நினைத்துவிடுவேன். வேறு யாருக்காவது கொடு."

அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். கார், பாட்டுப் பெட்டியோடும் உள்ளேயிருந்த தட்டுகளோடும், பா என்ற ஊர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்குப் போனது. வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தட்டுகளை அவர் என்ன செய்தாரோ.

ஆக்லாந்தில் அப்பா ஒரு பழக் கிடங்கில் வேலை செய்தார். கார் ஓட்ட அவர் மறுபடி விரும்பவில்லை. ரோடு புரியவில்லை, பனி பிடிக்கவில்லை என்று ஏதாவது சொல்வார். அம்மா நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு எங்களை எல்லா இடத்துக்கும் கொண்டுபோனாள். செமியோடு மட்டும் அப்பா போனில் பேசுவதை விடவில்லை. மழை, ஃபுட்பால், யார் செத்தார்கள், அவ்வளவுதான் பேச்சு. ஊருக்குப் போய்வரலாம் என்றால், "நீ போய்ட்டு வா கண்ணு" என்பார்.

போன வருடம் நான் போனேன். ட்ராசாவில் எங்கள் வரிசையில் இருந்த வீடுகளில் பாதி இல்லை. கரும்பு இருந்த இடத்தில் கொய்யாப் புதரும், யாரும் நடாமலே பரவிய ஆரஞ்சுப் பூ மரங்களும் நிற்கின்றன. கோயில் இருக்கிறது, தீமிதிக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். என்னிடம் தமிழில் நாலு வார்த்தை பேச அங்கே யாரும் மிச்சமில்லை. பட்டறைத் தெருவில் பாட்டுப் பெட்டி மாட்டுவீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். அப்படி ஒன்று இருந்ததே அங்கிருந்த பையன்களுக்குத் தெரியவில்லை.

செமிக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. என்னை நாந்தி விமான நிலையத்துக்கு அவரே கொண்டு விடுகிறேன் என்றார். நேர்வழியை விட்டு எங்கள் மண் ரோட்டில் திரும்பி, நான் கேட்காமலே எங்கள் வீடு இருந்த இடத்தில் காரை நிறுத்தினார். வீடு இல்லை. சிமெண்டுப் படிகளும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் நின்றன. சுற்றிலும் புதர் மண்டியிருக்க, அந்தச் சதுரத்தில் மட்டும் புல் வெட்டியிருந்தது.

யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். தானே என்றார். குத்தகை முடிந்து நிலம் குலத்தாரிடம் திரும்பி வந்த பிறகு அங்கே வீடு கட்டப் பலர் கேட்டார்களாம், சுவாவிலிருந்து ஒருவன் வந்து கோழிப் பண்ணை போடக் கேட்டானாம்.

"என்ன சொன்னீங்க மோமோ?"

"ஆட்கள் இருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிடுவேன்" என்றார்.

வருவீர்களா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் காரை மெல்ல நகர்த்தி, அந்தப் படிகள் கண்ணுக்கு மறையும்வரை மெதுவாகவே ஓட்டினார்.